மருந்தடிக்காத மர வாத்து

பாப்பா அம்மாவுக்கு,

நீ தூங்குகிறாய், எழுப்பவில்லை. குக்கரில் சோறு இருக்கிறது. நேற்று மாதிரி கோபத்தில் பட்டினி கிடக்காதே.

"ஜன்னலுக்கு அடிச்சு மிஞ்சுன பெயிண்ட்டையா புள்ள பொம்மையில பூசுவீங்க? நீங்கெல்லாம் ஒரு தச்சரு!" என்றாய். வெடுக்கென்று ஏதோ சொல்லிவிட்டேன். அப்புறம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தச் சிவப்பு வாத்தைக் குப்பையில் போட்டாயிற்று. மேசைமேல் இருப்பது புதுசு. பூச்சிமருந்து அடிக்காத மரம். பசை இல்லை, ஆணி இல்லை. தேன்மெழுகு மட்டும் தேய்த்திருக்கிறேன்.

வாசல் வரை போய்த் திரும்பி வந்து இதை எழுதுகிறேன்: வாலில் பல் தடம் இருக்கும், பயப்படாதே. பாப்பாவுக்குத்தான் இன்னும் பல்லே முளைக்கவில்லையே! விடிந்ததிலிருந்து நான்தான் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வரை எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அவளிடம் கொடு.