அங்கிள் எழுதிய ராஜினாமாக் கடிதம்

அங்கிள்,

இன்று தபாலில் வந்த கடிதத்தை வைப்பதற்காக அப்பாவின் ஃபைலைத் திறந்தேன். விசாரணையன்று நீங்கள் மறந்துவிட்டுப் போன நீலப் பேனா உள்ளே கிடந்தது. மூடியில் உங்கள் பல் அடையாளம் அப்படியே இருக்கிறது.

கடமையில் போன ஜீப் கவிழ்ந்து, பொலிஸ்காரரான அப்பாவின் கால் நசுங்கிய பிறகு, இரண்டு வருடம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் வேலையை விட்டார். அவருக்குச் சிங்களம் பேச வரும், எழுத வாசிக்க வராது. ஒரே ஸ்டேஷனில் வேலை செய்த நீங்கள்தான் ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கொடுத்தீர்கள். அங்கே விலகுகிற எல்லோரும் எழுதுகிற அதே வரி: சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன். அப்பா என்ன ஏதென்று கேட்காமலே கையெழுத்து வைத்தார்.

ராஜினாமா செய்தவருக்கு அங்கவீன ஓய்வூதியம் இல்லை என்பது அன்றைய சட்டம். பிறகு சட்டம் மாறியது. கடமையில் பட்ட காயத்தால் விலகியவர்களும் கேட்கலாம் என்றார்கள். கேட்டோம். அந்த ஒரு வரியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். அப்பாவைக் களுபோவில ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டிருந்த நான்தான் அந்த மறுப்பை உங்கள் கிருலப்பனை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். வாசலில் நின்று நீட்டினேனே தவிர வாய் திறக்கவில்லை.

அடுத்த நாளே வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள்.

"இவன்ர எழுத்துத்தான் என்னைக் கவிட்டது," என்றார் அப்பா.

"கீழ ஈக்கிறது ஆர்ர கையெழுத்து?" என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "மெடிக்கல் போர்ட் அது இது எண்டு வருசக் கணக்கா இழுப்பாங்க புள்ள. சுருக்கா விடட்டும் எண்டுதான் அப்பிடி எழுதின. அப்பீல் போடுங்க, நான் வந்து உண்மையச் செல்றேன்."

காயத்தால்தான் அப்பா விலகினார் என்று விசாரணையில் சொன்னீர்கள். அதிகாரி சிங்களத்தில் கேட்டார்: அப்படியானால் உண்மைக் காரணத்தை மறைத்து எழுதினீர்களா? நீங்களும் பென்ஷனில் இருப்பவர். அதற்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயந்தேன். "ஆம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்," என்றீர்கள்.

"நண்பரின் பேச்சு போதாது. எழுத்தில் ஏதும் இருக்கிறதா?"

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "அதப் புள்ள செல்லும்."

கிளினிக் கொப்பியை விரித்தேன். இனிக் கடமைக்கு ஏலாது என்று டொக்டர் எழுதியதற்கு மறுநாள்தான் ராஜினாமாக் கடிதத்தின் தேதி. அதைச் சொன்னேன். "சத்தமாக," என்றார் அதிகாரி. திரும்பவும் சொன்னேன். என் சிங்களத்தில் பிழை இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

வெளியே வந்து பிளேன்டீ வாங்கித் தந்தீர்கள். "பாத்தியா, ஒனக்கும் வாய் ஈக்கி."

முடிவு வருமுன் கண்ணை மூடிவிட்டீர்கள். உங்கள் ஜனாஸாவுக்கு வந்த அப்பா, ஊன்றுகோலோடு உங்கள் வீட்டுக் கேற்றடியிலேயே நெடுநேரம் நின்றார்.

இன்று வந்தது ஓய்வூதிய அனுமதிக் கடிதம், அங்கிள். கூடவே அப்பா கையெழுத்திட வேண்டிய படிவமும் இருந்தது. உங்கள் பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"முதல்ல வாசி."

சிங்களத்தில் வாசித்தேன். தமிழில் சொன்னேன்.

"திரும்ப ஒருக்கா."

பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன். பிறகுதான் அப்பா உங்கள் பேனாவை வாங்கினார்.