தலையில்லாத சாமுராய்

கோபித்துக்கொண்டு அக்கா வீட்டில் போய் உட்கார்ந்திருப்பவருக்கு,

பத்து நாளாயிற்று. குதிரை, கவசம், அம்புமழை எல்லாவற்றையும் மற்றவர்கள் அச்சுப் பலகையில் செதுக்கி முடித்துவிட்டார்கள். முகம் மட்டும் பாக்கி. முகத்தில் தலைமைச் செதுக்காளர், அதாவது நீங்கள்தான், உளி வைக்க வேண்டுமாம். நல்ல வழக்கம்!

பதிப்பாளர் மன்ஜிரோ தினமும் வாசலில் நின்று கத்துகிறார்.

"ஏம்மா, தலையில்லாத சாமுராயை எவன் வாங்குவான்? எடோ பூரா சிரிப்பா சிரிக்குது!"

"அவருக்குக் கண்ணு வலிங்க" என்று எத்தனை நாள் புளுகுவது?

ஓவியர் மேல் பாய்ந்தீர்களே, என்ன பயன்? நம் பையன் உயிரோடு இருந்தபோது அவர் எடோவுக்கே வரவில்லை. படத்தில் சாகிற வீரனுக்கு வலப் புருவத்தில் ஒரு தழும்பு வரைந்தார், அவ்வளவுதான். தாளைப் பலகையில் குப்புற ஒட்டியதும் அது இடப் புருவத்துக்கு, நம் பையனுக்கு இருந்த அதே இடத்துக்கு, வந்துவிட்டது. நானும்தான் பார்த்தேன். பார்த்துவிட்டு உலை வைக்கப் போனேன்.

முப்பது வருஷம் உளி பிடித்தவருக்கு இதையும் நானா சொல்ல வேண்டும்? அச்சில் தழும்பு திரும்பவும் வலப்பக்கம் போய்விடும். தாளில் இருப்பவன் யாரோ.

பலகையில் இருப்பவன்தான் நம்மவன். வேலை முடிந்ததும் அதை இழைத்து வேறு படம் செதுக்கக் கூடாது, எனக்கே வேண்டும் என்று மன்ஜிரோவிடம் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கிவிட்டேன்.

வந்து அவன் கண்ணைத் திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அவன் அம்மா