இந்தத் தங்கலுக்கு நான் போகவில்லை

சோனாங்குப்பம்,
ஆனி 6

அன்பு மகள் எழிலரசிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மூன்று வேளை சாப்பிட்டு, ஒரு வேளையாவது சண்டை போட்டு, நல்லபடியாக இருக்கிறோம். அங்கே அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை செம்பியனும் சளி இருமல் இல்லாமல் இருக்க நம் ஊர் மாரியம்மன் கூடவே இருக்கட்டும். போன் இருக்கும்போது அப்பாவுக்கு ஏன் கடுதாசி என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நடுநடுவே திருத்தம் சொல்கிறாள், பத்து வார்த்தை பேசினால் அதில் எட்டு அவளுடையது, எனக்குக் கோபம் வந்து போனை வைத்துவிடுகிறேன். இது குறுக்கே யாரும் பேசாமல் சொல்ல வேண்டிய சமாச்சாரம். உன் அரசு மாமா மகள் கயல்விழி இதைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றாள், அசல் தபாலில் பின்னால் வரும். அவளும் உன்னைப் போலவே நர்சிங் படிக்கிறேன் என்று அண்ணாமலை நகருக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கிறாள். அம்மாவுக்கு மஞ்சக்குப்பத்தில் கண்ணாடி மாற்றினோம். புதுக் கண்ணாடியைப் போட்டு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இத்தினி நாளு மங்கலாத் தெரிஞ்சதே நல்லா இருந்துச்சு"ன்னு சொல்கிறாள். திமிரைப் பார்.

முதலில் உன்னிடம் சொன்ன பொய்யைச் சொல்லிவிடுகிறேன். பங்குனிக் கடைசியில், மீன்பிடித் தடைக்காலம் தொடங்க நாலு நாள் இருக்கும்போது, கடலிலேயே ராத்தங்கிப் பிடிக்கப் போன தங்கலில் பாதி வலை போனது என்றேனே, கடலடிப் பாறையில், பாரில் மாட்டிக்கொண்டது என்றேனே, அது பாரில் மாட்டவில்லை. அறுத்தோம். அதற்கப்புறம் அக்னி நட்சத்திர வெயிலில் வீடியோ காலில் நான் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன், நீகூட "ஏம்ப்பா வீட்டுல முழுக்கை?" என்று கேட்டாய், கல்யாணத்துக்குப் போகிறேன் என்று ஒரே வாரத்தில் மூன்று கல்யாணம் சொன்னேன். கல்யாணமும் இல்லை, கருமாதியும் இல்லை, மணிக்கட்டில் கயிறு அறுத்த காயம். நர்ஸ் வேலை பார்க்கிறவளிடம் காட்டினால் நீ அங்கிருந்தே டாக்டரைக் கூப்பிடுவாய் என்று மறைத்தேன். இப்போது ஆறிவிட்டது, தழும்புதான், பயப்படாதே.

நடந்தது இதுதான். நம் போட்டில் வலையைக் கையால்தான் இழுக்கிறோம், உனக்குத் தெரியும். இரண்டு பேர் மேல்கயிறு, இரண்டு பேர் ஈயம் கட்டின அடிக்கயிறு. அடிக்கயிற்றில் ஓரத்தை ஒட்டி முன்னால் நான், எனக்குப் பின்னால் உன் அரசு மாமா, உன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதுதான் எங்கள் இடம். அறுபத்திரண்டு வயதிலும் சின்னப் பசங்களுக்குச் சமமாக இழுக்கிறேன் என்று குப்பம் முழுக்கப் பீற்றிக்கொண்டவன் நான். நீ ஒவ்வொரு தடவையும் "எப்பப்பா நிறுத்தப் போறீங்க?" என்று கேட்கும்போது, "கை சொல்லும்மா, கை சொன்னா நிறுத்திடுவேன்" என்று சொன்னவனும் நான்தான். அந்தத் தங்கலுக்கு அரசு வரவில்லை, ஸ்ரீமுஷ்ணத்தில் மாமனார் வீட்டில் காதுகுத்து. அவன் இடத்தில் நம் குப்பத்துப் பையன் இளவரசு நின்றான். விடிந்ததும் வலையைப் பிடித்தோம், நாலு பாகம், நாலு கைவிரிப்பு நீளம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. நீரோட்டம் ஜாஸ்தி இல்லை, மீனும் அப்படி ஒன்றும் விழவில்லை. எனக்குக் கோபம் வந்து, "டேய், காலைல சாப்பிடலையா, இழுடா"ன்னு திரும்பிக் கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "எம் பங்க நான் இழுக்கறேன் பெரியப்பா" என்றான். மேல்கயிற்றில் நின்ற இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இத்தனை நாள் என் பங்கை யார் இழுத்தது என்று. பின்னால் நிற்கிறவன் என்ன செய்கிறான் என்று முன்னால் நிற்கிறவனுக்குத் தெரியாது இல்லையா, கயிறு வருகிறது, நான்தான் இழுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவமானம் தாங்காமல் ஒரு காரியம் செய்தேன். கயிற்றைக் கையில் சுற்றாதே என்று போட்டில் ஏறுகிற ஒவ்வொருவனையும் திட்டுகிற நானே, பிடி நிற்கவில்லை என்று மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி மிதித்துக்கொண்டு இழுத்தேன். ஓர் அலை போட்டைத் தூக்கிப் போட்டது, வலை அந்தப் பக்கம் போக நான் அதோடு போய் ஓரத்தில் நெஞ்சு மோதி பாதி உடம்பு வெளியே தொங்கினேன். இளவரசு என் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டே கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

கரைக்கு வந்து, அரசு ஊரிலிருந்து திரும்பினதும் நேரே போய்ச் சட்டையைப் பிடித்தேன். எத்தனை நாளாடா என்றேன். "ரெண்டு வருசம் ஆவுது மாமா" என்றான். ஏன்டா சொல்லவில்லை, என்னை என்ன பொம்மை என்று நினைத்தாயா என்று கத்தினேன். அவன், "சொன்னா நீங்க நின்னுடுவீங்க மாமா. நீங்க இல்லாத போட்ல போறதுக்கு எனக்குப் புடிக்கல"ன்னு சொன்னான். வேறு யாராவதாக இருந்தால் அங்கேயே கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள். உன் அப்பனுக்குத்தான் புத்தி எப்போதும் ஒரு மாதம் கழித்து வருமே. என்னை ஏமாற்றிவிட்டான் என்று தடைக்காலம் முழுக்க அவனோடு பேசவில்லை. போட்டைக் கரையேற்றிப் பெயிண்ட் அடித்தோம், ஓட்டை அடைத்தோம், எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான், ஆனால் பேச்சு உன் அம்மா வழியாக. "அமராவதி, உன் தம்பிய நீலப் பெயிண்ட் எடுத்தாரச் சொல்லு" என்பேன். அவன் நாலடி தள்ளி நின்று, "அக்கா, நீலம் தீந்துபோச்சுன்னு மாமாகிட்ட சொல்லு" என்பான். ஒரு நாள் அவள் சோற்றுத் தூக்கை நடுவில் வைத்துவிட்டு, "நான் என்னா உங்க ரெண்டு பேருக்கும் வயர்லெஸ் செட்டா, நீங்களே துன்னுங்க"ன்னு போய்விட்டாள்.

பேசாமல் இருந்தேனே தவிர பார்க்காமல் இல்லை. வைகாசிக் கடைசியில் அரசு கேபின் கூரைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். வலது கை தோளுக்கு மேலே போகவில்லை. பிரஷ்ஷை இடது கைக்கு மாற்றினான், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான், நான் குனிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். அவன் தோளுக்கு ஒரு வருடமாக எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுகிறாளாம், ஐஸ் பெட்டி தூக்கினதில் பிடிப்பு என்று அவளிடமும் சொல்லி வைத்திருக்கிறான். நாற்பத்தைந்து வயதுதான் அவனுக்கு, பாப்பா. என் கை எப்போதோ சொல்லிவிட்டது, நான் கேட்காதபடி அவன் தோள் நடுவில் நின்றுவிட்டது. என் உடம்பு எனக்கு மட்டும் சொந்தம், எப்போது நிறுத்துவது என்பது என் இஷ்டம் என்று உன்னிடம் எத்தனை தடவை எகிறியிருப்பேன். போட்டில் அப்படி இல்லை. ஒருத்தன் இழுக்காததை இன்னொருத்தன் இழுத்துத்தான் ஆக வேண்டும். இது புரிந்த பிறகும் நிறுத்துகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. வீம்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கடலுக்குப் போகாவிட்டால் நான் யார் என்று இந்த முப்பத்தெட்டு வருடத்தில் யோசித்ததே இல்லை. உனக்குக்கூட இந்தச் சீசன் போகிறேன் என்றுதான் அம்மாவை விட்டுச் சொல்லச் சொன்னேன்.

நம் போட்டில் ஒரு வழக்கம் உண்டு. தடை முடிந்து முதல் தங்கலுக்குக் கிளம்புகிற காலையில் சூடம் ஏற்றித் தேங்காய் உடைத்ததும், வயதில் பெரியவர் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி அந்தச் சீசனுக்கு அவர் இடம் எது என்று சொல்ல வேண்டும். முதல் பேர் சுக்கான் பிடிக்கிறவர் பேர், ஓடும்போது சுக்கான், இழுக்கும்போது அடிக்கயிறு என்று இத்தனை வருடமாக என் பேரை நானே சொல்லிக்கொள்வேன். பெரியவர் சொல்லி முடிக்கும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது, இன்னாரை நிறுத்து என்று சொல்லவும் கூடாது. அதனால்தான் ஒருத்தரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. இந்தத் தடவை கிளம்பின அன்றைக்கும் வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் எடுத்துக்கொண்டுதான் போனேன். சூடம் எரிகிறது, எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள். "சுக்கான், திருநாவுக்கரசு"ன்னு உன் அரசு மாமா பேரைச் சொன்னேன். குரல் எனக்கே வேற்று ஆள் குரல் போல இருந்தது. அடிக்கயிறு முன்னால் இளவரசு, பின்னால் தேவனாம்பட்டினத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த ஆள், மேல்கயிறு பழையபடி அந்த இரண்டு பேர். சொல்லி முடித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அரசுதான் வழக்கத்தை மீறி, "மாமா, உங்க பேரு?" என்றான். இரண்டு மாதத்தில் அவன் என்னிடம் நேராகப் பேசின முதல் பேச்சு. "நான் கரையில இருக்கேன் மச்சான். நீ தோளுக்கு வேல குடுக்காம சுக்கானப் புடி"ன்னு சொன்னேன். அவன் என் காலில் விழுந்தான், நான் தூக்கினேன், அழுதோம், மறைக்க என்ன இருக்கிறது, குப்பமே பார்த்தது. சாப்பாட்டுத் தூக்கை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

போட் முகத்துவாரத்தைத் தாண்டினதும் வீட்டுக்குப் போகலாம் என்று திரும்பினேன். வழியனுப்ப வந்திருந்த அம்மா அசையவில்லை. எவ்வளவு நேரம் என்றேன், "தெரியற வரைக்கும்" என்றாள். என்னை அனுப்பிவிட்டு அவள் நேரே வீட்டுக்குப் போய்விடுவாள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். வெயில் ஏறும் வரை கரையில் கொட்டியிருக்கிற கருங்கல் மேல் நின்றோம், காபி கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு வந்தால் இருப்புக் கொள்ளவில்லை. காற்று கொஞ்சம் மாறினால் வாசலுக்குப் போகிறேன், இன்ஜின் சத்தம் கேட்டால் கரைக்குப் போகிறேன். அம்மா, "நான் முப்பத்தாறு வருசம் இருந்தேன், நீ மூணு நாளு இருந்து பாருய்யா"ன்னு சொல்லிவிட்டு முருங்கைக்கீரையை என் முன்னால் தள்ளினாள். ஆய்ந்தேன். கீரை ஆய்வது வலை இழுப்பதைவிடக் கஷ்டம், கண்ணு.

மூன்றாம் நாள் சாயங்காலம் போட் நல்லபடியாக வந்தது, நிறைய சூரை, வஞ்சிரம் கொஞ்சம், எல்லோரும் பத்திரம். நான் கடலையே விட்டுவிட்டேன் என்று நினைக்காதே, ஆழ்கடலைத்தான் விட்டேன். அடுத்த மாதத்திலிருந்து சின்ன பைபர் போட்டில் கரையோரம் நண்டுவலைக்குப் போகப்போகிறேன், விடிந்து போனால் இட்லி வேகும் நேரத்துக்கு வந்துவிடலாம், இரண்டு பேர் போதும், அரசுவின் தோளுக்கு வேலையே இல்லை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருக்கிறது, அம்மாவிடம் சொல்லாதே. நீ அரசு மாமாவுக்குப் போன் போட்டு நல்ல எலும்பு டாக்டரிடம் காட்டச் சொல், நான் சொன்னால் சிரிக்கிறான், நீ சொன்னால் போவான். நீயும் நைட் டியூட்டிக்கு மேல் டியூட்டி பார்க்காதே, வேலையிடத்தில் உன் பங்கையும் சேர்த்து யாராவது இழுக்கிறார்களா என்று பார், நீ யார் பங்கையாவது இழுக்கிறாயா என்றும் பார். மாப்பிள்ளைக்குக் கருவாட்டுப் பொட்டலம் அடுத்து வருகிறவர் கையில் வரும், பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்தால் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்.

கடைசியாக ஒன்று, இதற்குத்தான் இந்தக் கடுதாசியே. போட் போன இரண்டாம் நாள் மத்தியானம் உன் போன் வந்தது. அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள், நான் எடுத்து வாயைத் திறப்பதற்குள் நீ ஹலோகூடச் சொல்லாமல், "அம்மா, அப்பா வந்துட்டாரா?" என்றாய். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. என்னிடம் பேசும்போது நீ வைத்துக்கொள்கிற குரல் வேறு. ஓடிப்போய் அம்மா கையில் கொடுத்துவிட்டேன், நானே எழுதிக்கொள்கிறேன் என்று சைகை காட்டினேன், அவள் ஏதோ சொல்லிச் சமாளித்தாள். வைத்த பிறகு கேட்டேன். "ஆறு வருசமா இப்படித்தான் கேக்கறா. நீ கடல்ல இருக்கற ஒவ்வொரு நாளும். உன்கிட்ட சொன்னா அங்க போயி அதையே நெனச்சிட்டு நிப்பன்னு சொல்லக் கூடாதுன்னுட்டா"ன்னு சொன்னாள். ஆறு வருடமாக நான் பிடித்த மீன் எத்தனை என்று எனக்குத் தெரியும், நீ அங்கே முழித்திருந்த நாள் எத்தனை என்று தெரியாமல் போய்விட்டது. மன்னிச்சுக்கோ கண்ணு. நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் நூறு வயது வாழ வேண்டும், மார்கழி லீவுக்கு டிக்கெட் போட மறந்துவிடாதே. இனிமேல் நீ போன் போட்டால் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம், அன்றைக்கு வாயில் வராத பதிலை இப்போது எழுதுகிறேன். வந்துட்டேன் பாப்பா.

இப்படிக்கு,
உன் அப்பா
ப. காத்தவராயன்