புல்வெளியில் நான்கு குச்சிகள்

போட்ஷாபெலோ,
ஆகஸ்ட், கடைசி ஞாயிறு.

ரெலெபோவின் அப்பாவுக்கு, உங்கள் மனைவி வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நாங்கள் நலம். நீங்கள் நலமா என்று கேட்கலாமென்றால் போனை எடுப்பதில்லை. "வேலை, பிறகு பேசறேன்" என்று எழுத்தாகவே வருகிறது. ஈஸ்டருக்குப் பிறகு உங்கள் குரல் என் காதில் விழவேயில்லை. பக்கத்தில் இருந்து எவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்? அதனால்தான் சுரங்கத்தில் உங்களோடு வேலை செய்யும் மோலெஃபி கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

ரெலெபோவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பாட்டுப் பாடினால் காற்றுதான் வருகிறது.

இப்போது உங்கள் அண்ணன் கதைக்கு வருகிறேன். ஜூன் குளிரில் உறைபனி விழுந்து புல் முழுதும் வைக்கோல் நிறமானதும் பின்னறைக்கு மூட்டையோடு வந்தவர், இன்னும் போகவில்லை. நீங்கள் முற்றத்தில் வளர்த்த கிக்கூயூ புல்லைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்தாராம். தன் வீட்டில் கோழி கிளறும் மண்ணைத் தவிர ஒன்றும் வைத்திராத மனுஷன்! பாவமே என்று நான் ஒரு வாளி தண்ணீர் ஊற்றப் போனால், வாளியைப் பிடுங்கிக்கொண்டார். "மாரெலெபோ, அது சாகலே, தூங்குது. பனிக்காலத்துல ஊத்தினா வேர் அழுகும். வெயில் ஏறட்டும், நானே எழுப்பறேன்" என்றார். அது அப்படியே நீங்கள் பேசும் பேச்சு. என்னிடம் பேச நேரமில்லாதவருக்கு அண்ணனிடம் புல்லைப் பற்றிப் பேச மட்டும் நேரமிருக்கிறது!

போன வாரம் புல்வெட்டும் மெஷினைத் தாழ இறக்கிப் புல்லை மொட்டை அடித்துவிட்டார். வாரிய சருகு வேலி உயரத்துக்குக் குவிந்தது. பிறகு மாட்டெருவும் மணலும் கலந்து தூவி, பலகையால் நிரவினார். சரி, குளிர் போனதும் எல்லாரும் செய்வதுதானே என்று விட்டிருப்பேன். ஆனால் மறுநாள் நான்கு மூலையிலும் குச்சி அடித்து, கயிறு கட்டி, காலடி வைத்து அளந்தார். எதற்கு என்றேன். "சும்மா" என்றார். சும்மா யாராவது முற்றத்தை அளப்பார்களா?

எதிர்வீட்டு மாத்சிலிசோ வேலியோரம் நின்று, "அடியே, அது கூடாரத்து அளவுடி. மாடடிச்சு, ஊரைக் கூட்டி, உம் புருஷன் சின்னவ ஒருத்தியக் கூட்டிட்டு வரப்போறாரு. கடைசியாத் தெரிஞ்சுக்கறவ எப்பவும் பொண்டாட்டிதான்" என்றாள். வாயைக் கழுவு என்று விரட்டிவிட்டேன். ஆனாலும் அந்தப் பேச்சு முள்ளாய்த் தைத்துவிட்டது.

நேராகவே கேட்கிறேன். அவள் யார்? அந்தப் புல்லின் மேல் இன்னொருத்தி செருப்போடு நடப்பதைப் பார்க்கவா நான் இங்கே காத்திருக்கிறேன்? உண்மையை எழுதுங்கள்.

கோபத்தோடு,
மாரெலெபோ


போட்ஷாபெலோ,
செப்டம்பர், இன்னும் மழை இல்லை.

ரெலெபோவின் அப்பாவுக்கு,

பதில் வரவில்லை. மோலெஃபியைப் போனில் பிடித்தேன். "குடுத்துட்டேன் அக்கா" என்றான். மேலே கேட்டதும் வைத்துவிட்டான். அவனும் உங்கள் கூட்டு என்று எண்ணிக்கொண்டேன்.

இன்று காலை உங்கள் அண்ணன் உரம் வீசிவிட்டு, கையோடு தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். இல்லாவிட்டால் தளிர் கருகிவிடுமாம். நான் அந்தக் குச்சியருகே போய் நின்று, "பெரியவரே, கல்யாணக் கூடாரத்துக்கா இவ்வளவு உபசாரம்? தேதியைச் சொன்னா கல்யாணத்தன்னிக்குப் போர்த்திக்க நானும் புதுப் போர்வை வாங்கிக்குவேனில்ல?" என்றேன். குழாய் கையிலிருந்து விழுந்தது. "கல்யாணமா?" என்றார். தண்ணீர் அவர் பூட்ஸுக்குள் போய்க்கொண்டிருந்தது. மனுஷன் நகரவில்லை.

பிறகுதான் சொன்னார். உங்கள் நெஞ்சில் சுரங்கத் தூசு கட்டிவிட்டதாம். அடுத்த குளிர்காலத்தைப் பார்ப்பது கஷ்டம் என்றாராம் டாக்டர். பேசினால் இருமல் காட்டிக்கொடுக்கும் என்றுதான் குரலை ஒளித்தீர்களாம். "எங்கப்பா அடக்கத்தன்னைக்கு வெறுந்தரையில கூடாரக் குச்சி நிக்கலே. காத்துல புழுதி எழும்பி, வந்தவங்க தட்டுலயெல்லாம் மண்ணு. என் அடக்கத்துக்கு அப்படி வேணாம்ணே, கோடைக்குள்ள புல்லைப் பாய் மாதிரி ஆக்கிடுன்னான். தம்பி கேட்டுட்டானே, நான் என்ன செய்வேன்?" என்று சொல்லி, என் முன்னால் ஓவென்று அழுதார்.

ஐயோ, லெஃபா! பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மன்னிக்கட்டும். இன்னொருத்தி வந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பேன். இதை எதைக் கொண்டு விரட்டுவேன்?

இன்னமும் எனக்குச் சந்தேகம்தான். இருமலில் ரத்தம் வருகிறதா? சாப்பாடு இறங்குகிறதா? அண்ணன் சொல்வதையும் நம்பமாட்டேன், நீங்கள் எழுதுவதையும் நம்பமாட்டேன். என் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன்.

குச்சிகளைப் பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டேன். அந்த நெருப்பில்தான் இன்று மக்காச்சோளக் களி கிண்டினேன். உங்கள் அண்ணன் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

வேலியோரம் பச்சை தலைகாட்டியிருக்கிறது. ரெலெபோ வெறுங்காலோடு ஓடிவிட்டு, குத்துகிறது என்று கத்தினாள். புதுப் புல்லின் முதல் வெட்டுக்கு நீங்கள் இங்கே இருக்க வேண்டும். மெஷின் தள்ள மூச்சில்லையென்றால் நாற்காலி போடுகிறேன். உட்கார்ந்து குறை சொல்லுங்கள், நான் தள்ளுகிறேன்.

வழியெல்லாம் நம் முன்னோர் உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். இருமிக்கொண்டே வாருங்கள், சத்தம் கேட்டதும் கதவைத் திறக்கிறேன்.

உங்கள்
மாரெலெபோ