பாலிக்குப் போகும் கூடையில் ஒரு கரித்துண்டு

இன்று மத்தியானம் வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன் மதினி. நான், என்னைக் கட்டிய உங்கள் தம்பி, உங்கள் மகள் செல்வி, அம்பர்நாத்திலிருந்து வந்திருக்கும் அவள் மாப்பிள்ளை, அவள் மடியில் கைப்பிள்ளை. கதவு சாத்தியிருந்தது. வேறு யாரும் இல்லை. கணக்கில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எனக்கு இருப்புக் கொள்ளாது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இதை முதலில் எழுதிவிட்டேன்.

நாளைக்கு கோப்போலி தாண்டி பாலிக்குப் போகிறோம், அங்கே பிள்ளையாரிடம் பிள்ளையைக் காட்ட. விடியலில் புறப்பட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தாராவிக்குத் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. உங்கள் வருஷத் திதி முடியட்டும் என்று இருந்தோம். பிறகு மழை விடட்டும் என்று இருந்தோம். இப்போது வண்டி பேசியாகிவிட்டது.

உங்கள் தம்பி ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து உங்கள் வயர் கூடையை இறக்கினார். பச்சையும் வெள்ளையுமாக நீங்கள் பின்னிய கூடை. தூசி தட்டக் கவிழ்த்தேன். அடியிலிருந்து செய்தித்தாளில் மடித்த சின்னப் பொட்டலம் ஒன்று விழுந்தது. பிரித்தால், கரித்துண்டு. கடைசியாகப் போனபோது சோற்றோடு நீங்கள் வைத்தது. காகிதத்தில் எண்ணெய் ஊறிக் காய்ந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். நல்லெண்ணெய், பெருங்காயம், உங்கள் புளிக்காய்ச்சல்.

அதே நேரம் பிள்ளை கூடைப் பக்கம் திரும்பி, யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்வது போல "ங்ங்..." என்றது.

"பாருங்க அத்தே, கூடைய பாத்து பேசுறா," என்று மாப்பிள்ளை சிரித்தார்.

பிள்ளை கூடையைப் பார்க்கவில்லை. கூடைக்கு அந்தப் பக்கம், இலை நறுக்க நீங்கள் கால் நீட்டி உட்காரும் மூலையைப் பார்த்தது.

சமைத்த சோற்றை வாசல் தாண்டி எடுத்துப்போனால் அதோடு ஒரு கரித்துண்டு போக வேண்டும், காத்து கருப்பு பின்னால் வராது என்பது நம் பக்கத்து வழக்கம். பலரும் பம்பாய்க்கு வந்ததும் அதை விட்டுவிட்டார்கள். நீங்கள் விடவில்லை. வீட்டில் கேஸ் அடுப்பு. கரிக்கு எங்கே போவது? இஸ்திரிக்காரரிடம் துணி கொடுக்கும்போது ஒரு துண்டு வாங்கி வந்துவிடுவீர்கள்.

ஒரு தடவை அதை மறந்துவிட்டு, வாஷி பாலம் தாண்டிய பிறகு நினைவு வந்து நீங்கள் செய்த கூத்து! பன்வேலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி, சோளக்கதிர் சுட்டு விற்றவரிடம் போய், "பய்யா, ஏக் கோய்லா தோ," என்று கரி கேட்டீர்கள். அவர் கதிரை நீட்டினார். "புட்டா நை பய்யா, கோய்லா," கதிர் இல்லை, கரிதான் என்றீர்கள். கரி எதற்கு என்று அவர் கேட்டார். பேய் வராமலிருக்க என்று சொல்ல நினைத்து, "பூத் கே லியே," பேய்க்காக என்று சொல்லிவிட்டீர்கள். அந்த மனிதர் நாம் காசு கொடுப்பதற்கு முன்பே இடுக்கியால் ஒரு கரியை எடுத்துக் கொடுத்துவிட்டு, நம் வண்டி கிளம்பும்வரை நம் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கரியின் உள்ளே நெருப்பு இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் கூடையிலிருந்து புகை வந்தது. உங்கள் தம்பி குடிக்க வைத்திருந்த தண்ணீரை அப்படியே கவிழ்த்தார்.

"எக்கா, இனிமே பேய் வராது. ஃபயர் பிரிகேடுதான் வரும்."

"சிரிங்கல, சிரிங்க. நனைஞ்சது உன் பொட்டலந்தான்," என்றீர்கள்.

இந்தக் கதையை உங்கள் தம்பி இன்றும் சொன்னார். செல்வி சிரித்துக்கொண்டே வந்தவள் பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு ஒரு நாள் நான் உங்களைக் கேட்டேன், பேய் என்றால் உங்களுக்கு அவ்வளவு பயமா என்று. நீங்கள் இலையை அடுப்பு நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தீர்கள். "பேய்னு சொல்லாதட்டி. செத்துப்போனவுகதான. நம்ம ஆளுகளும் அதுல உண்டும்லா? சோத்து வாசத்துக்கு வருவாக. வயிறு கெடையாது, ஆசை மட்டும் இருக்கும். வந்துட்டா திரும்பிப் போவத் தெரியாது, பாவம். அதுக்குத்தான் கரி." இதைச் சொல்லிவிட்டு, தயிர்சோற்றுக்குப் பால் போதுமா என்று கேட்டீர்கள். எனக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை.

கடைசியாக நாம் பாலிக்குப் போனது செல்விக்காக. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. சன்னதியில் நின்று, பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கவே வேண்டிக்கொண்டீர்கள். "எப்பா பிள்ளையாரப்பா, எம்மவளுக்கு ஒண்ணு குடுத்துரு. நானே தூக்கிட்டு வந்து ஒனக்குக் காட்டுதேன்."

உங்கள் தம்பி பின்னால் நின்று, "எக்கா, இவரு மராத்தி பிள்ளையாரு. தமிழு தெரியாது," என்றார்.

"அவரு தம்பி நம்ம ஊர்க்காரருதானல. கேட்டுச் சொல்லுவாரு," என்றீர்கள், கண்ணைத் திறக்காமலே.

சொல்லியிருக்கிறார் போல. ஆனால் ஆடி மழையில் உங்களை சயான் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டு வந்த பிறகுதான் செல்விக்கு நாள் தள்ளியிருப்பது தெரிந்தது. நான் விளக்கின் முன்னால் உட்கார்ந்து முதல் தடவையாகச் சாமியிடம் சண்டை போட்டேன். கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். பிறகு அதற்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பெண்பிள்ளை மதினி. உங்கள் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். அதனால் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மதினி பெயர் என் வாயில் வராது. "குட்டிம்மா" என்கிறேன். உங்கள் தம்பிக்குத்தான் அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. காலையில் உங்கள் பெயரைச் சொல்லி, "ஏட்டி, எந்திரிச்சிட்டியா?" என்று சத்தம் போடுகிறார். அடுப்படியில் நிற்கும் எனக்கு ஒவ்வொரு நாளும் திக்கென்கிறது. ஒரு கணம் நானும் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

சாயங்காலம் முழுவதும் ஏற்பாடுதான். மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து வாழை இலை வந்துவிட்டது. புளிக்காய்ச்சல் காய்ச்சி ஆறவைத்திருக்கிறேன். விடியலில் சோறு கிளறிக் கட்டிக்கொள்ளலாம். இட்லிக்கு மிளகாய்ப்பொடி. தயிர்சோற்றில் பால் நிறைய, தயிர் கொஞ்சம். மத்தியானம் பிரிக்கும்போது புளிக்காமல் இருக்கும். உங்கள் தம்பிக்கு எலுமிச்சம்பழமும் பாலித்தீன் பையும், கோப்போலி வந்தாலே அவருக்குக் குமட்டும் என்பதால். வண்டிச் சக்கரத்துக்குத் தனியாக எலுமிச்சை. பிள்ளைக்கு மாற்றுத்துணி, வெந்நீர் பிளாஸ்க், தொப்பி.

"இவ்வளோ எதுக்கு அத்தே? வழி ஃபுல்லா ஹோட்டல்தான்," என்றார் மாப்பிள்ளை.

"நீங்க ஹோட்டல்ல சாப்டுங்க. நான் புளிச்சோறு சாப்டுறேன்," என்றாள் செல்வி. பிறகு என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தி, "அத்தை, கரி மட்டும் பக்காவா வைங்க. பிள்ளை வருது. அம்மா இருந்தா அதத்தான் முதல்ல கேட்டுருப்பா," என்றாள்.

சரி என்றேன். இஸ்திரிக்காரரிடம் போனேன். அவர் கேஸ் இஸ்திரிப்பெட்டிக்கு மாறிவிட்டாராம். கரி இல்லை என்று கையை விரித்தார். ஆக இருப்பது ஒரே கரி, உங்கள் கூடையில் கிடந்ததுதான்.

வீட்டுக்கு வந்து இலைகளைத் துடைத்து நறுக்கி, ஆளுக்கு ஒன்று என்று அடுக்கினேன். அடுக்கிய பிறகு பார்த்தால் ஒன்று கூடுதலாக இருந்தது. திரும்ப எண்ணினேன். சாப்பிடுகிறவர்களையும் டிரைவரையும் சேர்த்துத்தான் எடுத்திருந்தேன். அப்படியும் ஒன்று கூடுதல். எடுத்து வைத்துவிடலாம் என்று கை நீட்டினேன். முடியவில்லை. அந்த இலையையும் துடைத்தேன், மற்றவற்றைவிட நன்றாகவே.

அப்போதுதான் எனக்கு உறைத்தது மதினி. கரி வைத்தால் நீங்களும் வர முடியாது.

"நானே தூக்கிட்டு வந்து காட்டுதேன்" என்று சாமியிடம் வாக்குக் கொடுத்தது நீங்கள். நீங்கள் இல்லாமல் அதை எப்படி நிறைவேற்றுவது? ஆனால் கரி வைக்காவிட்டால் வருகிறவர்கள் நீங்கள் மட்டும்தானா? அந்த ரோட்டில் எத்தனையோ பேர் அடிபட்டுச் செத்துப்போயிருக்கிறார்கள். மடியில் பச்சைப்பிள்ளை. எனக்கு உங்களிடம் பயம் இல்லை. உங்கள் பின்னால் வருகிறவர்களிடம் பயம்.

நான் கூடிய மட்டும் யோசித்துப் பார்த்தேன். எங்கள் சோற்றைக் கூடையில் வைத்து அதில் கரியைப் போட்டுவிடலாம். அந்தக் கூடுதல் இலையில் கட்டும் உங்கள் சோற்றுப் பொட்டலத்தை வேறு பையில், கரி இல்லாமல், என் மடியில் வைத்துக்கொள்ளலாம். கரி இருக்கும் வண்டியில் கரி இல்லாத பை ஒன்று இருந்தால் கணக்கு எந்தப் பக்கம் சேரும்? இதைக் கேட்க எனக்கு ஆளில்லை. கோவிலில் கேட்டால் சிரிப்பார்கள். செல்வியிடம் கேட்டால் அழுவாள்.

இன்னொன்றும் மனதைப் பிசைகிறது. வந்துவிட்டால் திரும்பிப் போகத் தெரியாது என்றீர்களே. உங்களுக்கு பாலியிலிருந்து வழி நன்றாகத் தெரியும்: கோப்போலி, பன்வேல், வாஷி பாலம், சயான், தொண்ணூறடி ரோடு, நம் சந்து. ஆனால் அது நம் வீட்டுக்கு வரும் வழி. நீங்கள் இப்போது இருக்கும் இடத்துக்கு வழி எது என்று எனக்குத் தெரியாது. உங்களை அழைத்துவந்து இந்த மூலையில் பசியோடு உட்காரவைத்துவிடுவேனோ? அல்லது, ஏற்கெனவே வந்துதான் உட்கார்ந்திருக்கிறீர்களா? பிள்ளை அங்கேதான் பார்க்கிறது. இதை எழுதும்போதும் பார்க்கிறது.

விளக்கேற்றிவிட்டு, செல்விக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். தமிழ் எழுத்து அவளுக்குப் பிடிபடாது. வீட்டுக் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் எழுத்துக் கூட்டி நானாகப் படித்தவள்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரி என் உள்ளங்கையில் இருக்கிறது. திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்ததில் ரேகையெல்லாம் கறுத்துவிட்டது. சோப்புப் போட்டும் முழுவதும் போகவில்லை. உங்கள் விரல் பட்டதில் எனக்கு மிஞ்சியது இது. நீங்கள் வைத்த கரி உங்களையே தடுக்குமா மதினி?

வைக்கவா, வேண்டாமா? விடியலில் வண்டி வந்துவிடும். அதற்குள் சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.