இடது சீட்டில் ஒரு பிரேக்

ஜூன் 8, ஞாயிறு

நாகர்கோவிலிலிருந்து திரும்பியாயிற்று. பார்வதிபுரத்தில் பிடித்த மழை இங்கே வீட்டுக்குப் பக்கத்துக் கரமனை வரை விடவில்லை. குடை மாமனார் வீட்டிலேயே. யாராவது எடுத்து வைத்திருந்தால் சரி.

போனதும் வந்ததும் சகலை சிவகுமாரின் புது வண்டியில். நான், என் செல்வி, அவள் தங்கை கீதா, கீதாவைக் கட்டிய மேற்படி சிவகுமார். இனி சி. என்று எழுதுகிறேன், முழுப் பெயருக்கு மை வீண்.

வண்டி என்னுடையதைப் போல டிக்கி வைத்த சாதாரண செடான்தான். ஆனால் சக்கரத்துக்குள் சிவப்பு. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் காலிப்பர், ஆறு பிஸ்டன், கொச்சியிலிருந்து வரவழைத்து மாட்டியிருக்கிறான். நிறுத்துகிற இடத்திலெல்லாம் நாலு பேர் குனிந்து பார்க்கிறார்கள். மாமனாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. என் முகம் தெரிவதில்லை, அந்தச் சிவப்பு மட்டும் தெரிகிறது. "சின்ன மாப்பிள வண்டிக்கு பிரேக்கு எப்பிடி பிடிக்கி, பாத்தியளா?" என்று என்னிடமே கேட்கிறார்.

அது போகட்டும். எழுத உட்கார்ந்தது வேறு விஷயம்.

செல்வி தூங்கினாள். மார்த்தாண்டம் பாலத்தில் கண்ணை மூடியவள் கரமனையில்தான் விழித்தாள். பின் சீட்டில், என் பக்கத்தில், வாயைத் திறந்துகொண்டு. என் வண்டியில் பதினொரு வருஷத்தில் ஒரு தடவை தூங்கியதில்லை. முன் சீட்டில் விறைத்து உட்கார்ந்து, நான் பிரேக்கில் கால் வைப்பதற்குள் அவள் வலது காலால் தரையை மிதிப்பாள். அங்கே பிரேக் ஏது, வெறும் ரப்பர் மேட். மிதிக்காதே என்றால், "நானா? எப்ப மிதிச்சேன்?"

அவன் வண்டியில் மட்டும் தொட்டில் தூக்கம்.

கீதாவுக்கு எப்போதும் முன் சீட். பின்னால் இருந்தால் வாந்தி வருமாம். வழி நெடுக ஜன்னலுக்கு மேலுள்ள பிடியை விடவேயில்லை, பாவம்.

பொறாமைதான். என் டைரியில் எனக்கு என்ன மறைவு.

ஜூன் 9, திங்கள்

மழை. கிழக்கேகோட்டையில் மழை நாளில் யாரும் மூக்குக்கண்ணாடி வாங்குவதில்லை. பஸ் வரும்வரை என் கடை வாசலில் ஒதுங்குவதோடு சரி.

செய்ய வேண்டியவை:
– வக்கீல் அம்மாவின் பிரேம், மூக்குத் தாங்கி மாற்ற
– கூரியர்காரனைக் கூப்பிட
– உளுந்து, நல்லெண்ணெய்
– பிரேக்

மத்தியானம் முழுக்கப் போனில் பிரேக் கிட். நாலு பிஸ்டன், ஆறு பிஸ்டன். டிஸ்க் 300 மில்லிமீட்டர், 330 மில்லிமீட்டர். துளை போட்டது, கோடு போட்டது. துளைதான் சூட்டைத் தணிக்கும் என்கிறான் ஒருவன். எல்லாம் வேஷம், மொழுக்கென்று இருந்தால் போதும் என்கிறான் இன்னொருவன். என் வண்டிக்கு 256. அதுவும் முன்னால் மட்டும், பின்னால் பழைய டிரம். 256 என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

செல்வி போன். அடுத்த வாரம் மாமனாருக்கு இங்கே கண் ஆபரேஷன். ஞாயிற்றுக்கிழமை போய்க் கூட்டி வர வேண்டும்.

"சிவகுமார்கிட்ட சொல்லட்டா? அவரு போறதா இருக்காரு."

"ஏன், நம்ம வண்டி இல்லியா?"

"இருக்கு..." என்று இழுத்தாள். அந்த இழுப்பு போதும்.

நானே கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவளும் வருவாள். திரும்பி வரும்போது என் பக்கத்தில் அவள் தூங்க வேண்டும். ஒரே ஒரு தடவை. வேறு எதுவும் வேண்டாம்.

ஜூன் 10, செவ்வாய்

வெயில் அடித்துப் பிறகு மழை. துணி நனைந்தது, வசவு எனக்கு.

கொச்சி கடைக்குப் போன் போட்டேன். "சாருடெ வீல் எத்ர இஞ்சா?" பதினைந்து என்றேன். "பதினஞ்சோ" என்று திருப்பிச் சொன்னான். பெண் வீட்டார் சம்பளத்தைக் கேட்டுவிட்டுத் திருப்பிச் சொல்வார்களே, அது போல. பிறகு நாலுக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று என்று இரண்டு படம் அனுப்பினான். காலிப்பரின் அசல் அளவு. அச்செடுத்து, அட்டையில் ஒட்டி, வெட்டி, கழற்றிய சக்கரத்துக்குள் வைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். இடிக்காமல் சுற்றினால் கிட் பொருந்தும்.

மில்லிமீட்டர் வேலை எனக்குப் புதிதா. பிரேம் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, அச்சு அசலாக வெட்டினேன். வலியசாலை வீட்டு வாசலிலேயே ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினேன். போகிறவர் வருகிறவர் எல்லாரும் "பஞ்சரா சாரே?" ஆமாம், பஞ்சர்தான்.

ஆறு பிஸ்டன் அட்டை உள்ளே நுழையவே இல்லை. நாலு பிஸ்டன் மூன்று மில்லிமீட்டர் இடிக்கிறது. மூன்றே மூன்று! அதற்காகப் பதினேழு இஞ்ச் வீல், அதற்கு ஏற்ற டயர் என்று எல்லாம் மாற்ற வேண்டும். ஸ்டெப்னிகூட முன்னால் மாட்ட முடியாது. அனுமார் வால்.

செல்வி எட்டிப் பார்த்தாள். "இது என்ன, கொலுவுக்கு அட்டை வெட்டுகியளா?"

ஜூன் 11, புதன்

மப்பு. மழை இல்லை, சாயங்காலம்தான் தூறல்.

கீதாவின் கண்ணாடிக்குத் திருகு மாற்றியிருந்தேன். அதைக் கொடுக்கிற சாக்கில் பாப்பனங்கோட்டில் சி. வீடு. அவன் இன்னும் ஆபீஸிலிருந்து வரவில்லை. மழைக்காலத்தில் பஸ்ஸில்தான் போவானாம், வண்டி அழுக்காகிவிடும். வண்டி வாசலில் நின்றது.

சுற்றும் முற்றும் பார்த்தேன். யாருமில்லை. கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளக்கிற என் சின்ன ஸ்கேலை அலாய் வீலின் கம்பிகளுக்கு நடுவே விட்டு, இரண்டு தடவை தள்ளி வைத்து அளந்தேன். 330. அவன் பீற்றியதில் நயா பைசா குறையவில்லை. பொய் சொல்லியிருப்பான் என்று மூன்று நாளாக நம்பிக்கொண்டிருந்தேன்.

"அத்தான்? மழையில வண்டிக்க அடியில என்ன செய்யுதிய?"

கீதா. குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே நிற்கிறாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"ஸ்கேல் உருண்டு போச்சும்மா."

ஸ்கேல் உருளுமா? அவள் கேட்கவில்லை, அவ்வளவு மரியாதை. சக்கரத்தைப் பார்த்து, "இந்த செவப்ப கண்டாலே எனக்கு வயித்த கலக்குது அத்தான்" என்றாள். வாந்திக்காரிக்கு எதைக் கண்டாலும் வயிறுதான்.

சாயா, பழம்பொரி. பழம்பொரி நன்றாக இருந்தது. அதிலும் ஒரு வருத்தம்.

ஜூன் 12, வியாழன்

காலையிலேயே பிஜுவின் ஒர்க்‌ஷாப். என் வண்டியை வாங்கிய நாளிலிருந்து பார்ப்பவன். பெரிய பிரேக் போட வேண்டும், நாலா ஆறா, நீயே சொல் என்றேன். அவன் நாலு சக்கரத்தையும் கழற்றினான். பேட் பாதி இருக்கிறது. டிஸ்க் நேராக இருக்கிறது. பிரேக் ஆயில் மட்டும் பால் விடாத கட்டன்சாயா நிறம். அதை மாற்றினான். "வேற ஒரு குழப்பமும் இல்ல சாரே."

பிறகு இடது கதவைத் திறந்து குனிந்தான். மேட்டை உருவி வெளியே எடுத்து என்னிடம் காட்டினான். வலது ஓரத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ரப்பர் தேய்ந்து, அடியில் துணி தெரிகிறது.

"இந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டோ சாரே?"

பக்கத்து வண்டிக்காரன் சிரித்தான். எனக்குக் காது சுட்டது.

பைபாஸில் ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தான். திரும்பி வந்ததும் சொன்னான். "முன்னாடி போற வண்டிக்கு பின்னால லைட்டு எரியுது. சாருடெ கால் அப்பவும் ஆக்சிலேட்டர்ல. பிறகு ஒரே மிதி. பெரிய பிரேக் போட்டா சார் இன்னும் லேட்டா மிதிப்பீங்க, அவ்வளவே உள்ளு."

சி. போட்டிருக்கிறானே என்றேன்.

"அந்த சார் லேட்டா மிதிக்கல்லன்னு யாரு கண்டா?"

காசும் கொடுத்து ஏச்சும் வாங்கி வந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

மழை. தோசை மாவு பொங்கவில்லை.

செல்வியிடம் கேட்டுவிட்டேன். மனசுக்குள் வைத்துப் புழுங்க முடியவில்லை. "அவன் வண்டியில மட்டும் எப்படித் தூங்கினே?"

"தூங்குனதுக்கும் விசாரணையா?" கரண்டியைக் கீழே வைத்தாள். "பின்னாடி இருந்தேன். ரோடு தெரியல்ல. தூக்கம் வந்துச்சு. இதுக்காக்கும் ஒரு வாரமா மூஞ்சிய தூக்கி வச்சிருக்கிய?"

பின்னால் இருந்ததாலாம். சமாதானம் சொல்கிறாள் என்று பட்டது. இப்போதும் படுகிறது.

"அப்ப நம்ம வண்டியிலயும் பின்னாடி இரி."

"நான் பின்னாடி போனா முன்னாடி யாரு மிதிப்பா?"

சிரிக்காமல் சொன்னாள். எனக்கும் சிரிப்பு வரவில்லை. பதினொரு வருஷமாக இவள் என்னோடு பயணம் செய்யவில்லை, வேலை செய்திருக்கிறாள். அது உறைத்தது. ஆனாலும் அவன் வண்டியில் திறந்திருந்த அந்த வாய் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஜூன் 14, சனி

கொச்சி: கிட் வர மூன்று வாரம். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பிஜு சொன்னபடி கடைக்குப் போய் வரும் வழியில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு வண்டி இடம் விட்டு, தூரத்தில் சிவப்பு கண்டதுமே காலை எடுத்து. விட்ட இடத்தில் இரண்டு ஸ்கூட்டரும் ஒரு ஆட்டோவும் நுழைந்துவிடுகின்றன. பல்லைக் கடித்தேன். மரியாதையாக ஓட்டுகிறவனை ஊர் மதிக்காது.

சி.யும் நாளை வருகிறானாம். மாமியாரையும் மூட்டை முடிச்சையும் ஏற்ற. யார் கேட்டது?

ஜூன் 15, ஞாயிறு

மழை இல்லை. நல்ல வெளிச்சம். குடை கிடைத்தது.

நாகர்கோவிலில் கிளம்பும்போது மாமனார் தடவித் தடவி அந்தச் சிவப்பை நோக்கித்தான் நடந்தார். செல்வி கையைப் பிடித்து, "அப்பா, நீங்க நம்ம வண்டில" என்றாள். கேட்டபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது, அதை மறைக்கப் போவதில்லை. மாமியார், கீதா, சி. அந்த வண்டியில். அவர்கள் டீ குடிக்க நின்றார்கள், நாங்கள் முன்னால் வந்துவிட்டோம்.

செல்வி முன் சீட்டில். தக்கலை வரை மிதித்தாள். மார்த்தாண்டத்தில் இரண்டு தடவை. களியக்காவிளை கூட்டத்தில் ஒரே ஒரு தடவை. நான் இடம் விட்டு, முன்கூட்டியே காலை எடுத்து, எல்லா ஸ்கூட்டரையும் உள்ளே விட்டு, ஒருவனையும் ஏசாமல் ஓட்டினேன்.

"பெரிய மாப்பிள, காளவண்டியா இது?" என்றார் பின்னாலிருந்து மாமனார்.

நெய்யாற்றின்கரை தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். தலை சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை இடது காலின் மேல் போட்டிருந்தாள். 256 மில்லிமீட்டரில், பின்னால் டிரம்மில்! ரேடியோவை அணைத்தேன். பள்ளங்களில் வண்டியைத் தூக்கிவைப்பது போல இறக்கினேன். பாலராமபுரத்தில் என் கண் கலங்கியது என்று இங்கே எழுதிக்கொள்கிறேன், யாரிடமும் சொல்ல மாட்டேன்.

கரமனை சிக்னல். சிவப்பு விழும் முன்பே வேகத்தைக் குறைத்து நின்றேன். டாஷ்போர்டில் தண்ணீர் டம்ளர் இருந்திருந்தாலும் சிந்தியிருக்காது.

என் வலது பக்கம் கிரீச் என்று ஒரு சத்தம். சி.யின் வண்டி. மூக்கு தரையில் குத்தி, எழும்பி, நின்றது. என் ஜன்னலுக்கு நேராக, கைக்கெட்டும் தூரத்தில், கீதா. ஒரு கை மேலே பிடியில், இன்னொரு கை டாஷ்போர்டில், கண் இரண்டையும் இறுக மூடி, உதடு முணுமுணுத்துக்கொண்டு. அது வாந்தி முகம் இல்லை. பதினொரு வருஷமாக என் இடது பக்கத்தில் பார்த்த அதே முகம். சி. ஸ்டியரிங்கில் தாளம் தட்டிக்கொண்டிருந்தான்.

எனக்கு உள்ளே வெடி வெடித்தது. யாரிடமாவது காட்ட வேண்டும். உடனே காட்ட வேண்டும். மாமனாரைக் கண்ணாடியில் பார்த்தேன். "யாரு, சின்ன மாப்பிளயா? செவப்பா தெரியே" என்றார். அவரிடம் காட்டி என்ன பயன்.

இன்னொரு சாட்சி தூங்கிக்கொண்டிருந்தாள்.

தூங்க விட்டிருக்க வேண்டும். வலியசாலைக்கு இன்னும் ஐந்து நிமிஷம். வீட்டு வாசல் வரை தூங்கியிருப்பாள்.

தோளைத் தட்டினேன். "செல்வி, செல்வி, இஞ்ச பாரு, கீதாவப் பாரு!"

கண் திறக்கும் முன்பே அவள் வலது கால் இறங்கியது. அந்தத் தேய்ந்த இடத்தில், ஓங்கி ஒரு மிதி.

வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.