பிள்ளையார் படம் தேடியது

கிள்ளான், 15 ஜூன் 1999, செவ்வாய்

இன்று முருகேசண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

காலையில் ஒரு பெண் வீட்டார் கல்யாண அட்டை அடிக்க எங்கள் அச்சுக்கடைக்கு வந்திருந்தார்கள். டிசைன் காட்டலாம் என்று முதலாளி அண்ணனுடைய கணினியில் இன்டர்நெட்டைத் திறந்தார். திரை முழுக்கத் துணியில்லாத பெண்கள். ஒன்றை மூடினால் இரண்டு திறந்தன. பெண்ணின் அப்பா எழுந்து, மகளைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

"ஓவர்டைம்னு உக்காந்து இதத்தான் பாக்குறியா?" என்று முதலாளி கத்தினார்.

"சத்தியமா இல்ல பாஸ். அதுவா வருது லா," என்றார் அண்ணன்.

அதுவாகத்தான் வருகிறது. போன வாரம் அண்ணன் லீவு. அட்டையில் போடப் பிள்ளையார் படம் தேடி, அவர் கணினியில் இலவசமாகக் கிடைத்த ஒரு புரோகிராமை நான்தான் இறக்கினேன். அது கேட்டதற்கெல்லாம் 'யெஸ்' அமுக்கினேன். அன்றிலிருந்து இன்டர்நெட்டைத் திறந்தாலே அந்தப் பக்கம்தான். மாற்றி வைத்தாலும் திரும்ப வருகிறது. ஆண்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன்.

இன்றும் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு என் மேசையருகே நின்றார்.

"நீயாச்சும் நம்புறியாம்மா?"

"நம்புறேண்ணே," என்றேன்.

வீட்டுக்கு வந்து குளித்தேன், சாப்பிட்டேன். அழுகை வரவில்லை.

சாயங்காலம் கடை அடைக்கும்போதே முதலாளி சொல்லியிருந்தார். "நாளையிலேருந்து அந்தக் கம்ப்யூட்டர்ல நீ உக்காரும்மா. பொம்பளப்பிள்ளன்னா பயமில்ல."

சரி என்று தலையாட்டினேன்.